ஒரே குத்து, ஒரே புட்டி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதினேன். இரண்டு தடவையும் அது என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கப்புறம் நான் பேனாவைத் தொட்டது ரத்தப் புட்டியில் பேர் ஒட்டுவதற்கு மட்டும்தான். நம் டாக்டர் கூப்பிட்டு, "போறதுக்கு முன்னால புதுசா வந்திருக்கற பசங்களுக்கு ஏதாச்சும் எழுதி வெச்சுட்டுப் போ" என்றபோது, சரீங்க என்று நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. ஆட்டிவிட்டு மறந்தும் போனேன்.

போன வாரம் உங்களில் ஒருவன், பேர் சொல்லமாட்டேன், பேன்ட் போட்டுக்கொண்டு வருகிற உயரமானவன், காபி டம்ளரை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"ஏனுங்ணா, சீக்காளிக்கு ரத்தம் எடுக்கறது சரி. என்சைம் பாக்கற அன்னிக்கெல்லாம் நம்மள்ல ஒருத்தனப் புடிச்சுக் குத்தறாங்களே, அது எதுக்குங்ணா? காபி குடுத்து ஏமாத்தறாங்களா?"

"உன்ற ரத்தம் நல்ல சரக்குன்னு வெளியூருக்கு ஏத்தி உடறோம்" என்றேன். அவன் நம்பிவிட்டான். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இல்லாவிட்டால் இந்த லேப்பில் அதுவே சரித்திரமாகிவிடும்.

இந்த மாதிரி அனுபவங்களை எல்லாம் ரிட்டையர் ஆனவர்கள் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. ஆனால் அடுத்த மாதம் உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு சின்ன லேப் போடப்போகிறேன். இங்கிருந்து போகிறவன் என்ற வகையில் நானும் ரிட்டையர்தான். மரியாதையாகப் படியுங்கள்.

நான் இந்த ஆஸ்பத்திரி லேப்புக்குப் புட்டி கழுவ வந்தேன். நயா பைசா வந்து, இன்னும் எல்லோரும் அணாவில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த காலம். கழுவுகிற புட்டியில் என்ன இருந்தது என்று கேட்டுக் கேட்டு டாக்டரைத் தொந்தரவு செய்தேன். தொல்லை தாங்காமல் என்னை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தவன் ரங்கன். கோபிக்காரன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், மெஷின் மக்கர் செய்தால் இரண்டும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன். அதைத் தினம் ஒரு தடவையாவது எனக்கு ஞாபகப்படுத்துவான்.

லூப்பஸ் என்ற சீக்கைப் பற்றி உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். எனக்குப் பாடம் கிடையாது, பார்த்ததைச் சொல்கிறேன். பெரும்பாலும் இளவயதுப் பெண்கள். மூக்கின் மேல் ஆரம்பித்து இரண்டு கன்னத்துக்கும் சிவப்பாகத் தடித்திருக்கும், வண்ணத்துப்பூச்சி ஒன்று முகத்தில் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி. விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். காலையில் விரல் மடங்காது. முடி கொட்டும். உடம்பு தன்னைத்தானே அந்நியம் என்று நினைத்து அடித்துக்கொள்கிற சீக்கு என்று டாக்டர் சொல்வார். ஊரில் வெயில் சூடு என்பார்கள், கண்ணு பட்டுவிட்டது என்பார்கள். எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகுதான் நம்மிடம் வருவார்கள்.

அந்தச் சீக்கைக் கண்டுபிடிக்க அப்போது எங்களுக்கு இருந்த வழி ஒன்றுதான். எல்.ஈ. செல் பார்ப்பது. வெள்ளணு ஒன்று இன்னொன்றின் உட்கருவை முழுசாக விழுங்கிவிட்டு வயிறு உப்பி உட்கார்ந்திருக்கும், நோம்பிக்குக் கறிச்சோறு தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்திருக்கும் மாமனைப் போல. ஆனால் அது சும்மா வராது. முதலில் சில செல்கள் உடைய வேண்டும்; உடைந்தால்தான் மற்றது விழுங்கும். அதற்காக ரத்தத்தைச் சின்னக் கண்ணாடி மணிகள் போட்ட புட்டியில் விட்டுக் குலுக்குவோம். மணிப் புட்டி என்று பேர். அரை மணி நேரம் ரங்கன் ஆட்டுவான், அரை மணி நேரம் நான். ஆட்டிக்கொண்டே வம்பளக்கலாம் என்பதால் எங்களுக்குப் பிடித்த வேலை அது.

கஷ்டம் என்னவென்றால், அந்த வயிறு உப்பின மாமன் எல்லா நாளும் வீட்டில் இருக்கமாட்டான். சீக்கு நிச்சயமாக இருக்கும், ஸ்லைடில் ஒன்றும் தெரியாது. டாக்டர் நாள் பூராவும் லென்சில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் நிமிர்ந்து, "கண்ணு அசந்துபோகுதப்பா. நம்பர்ல ஒரு பதில் வந்தாத் தேவல" என்றார்.

அப்போதுதான் நம் லேப்புக்கு, நிறத்தின் அடர்த்தியை அளந்து முள்ளால் காட்டுகிற கலரிமீட்டர் வந்திருந்தது. டிரான்ஸாமினேஸ் என்ற என்சைமை அளக்கும் சோதனையும் புதிதாக வந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பேர் வாயில் நுழையாது. என்சைம் என்று மட்டும் சொல்வோம். செல்லுக்குள் இருக்கும் சரக்கு அது. ஈரலிலோ தசையிலோ செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும். கசிந்தால் கலரிமீட்டரின் முள் ஏறும். டாக்டர் யோசித்தார். லூப்பஸில் உடம்பு தன்னையே உடைக்கிறது. அப்படியானால் என்சைம் ஏற வேண்டுமே. ஏறினால், சீக்கைக் கண்டுபிடிக்க ஒரு நம்பர் கிடைத்துவிடும்.

பார்த்தோம். ஏறியது.

லூப்பஸ்காரர்கள் எல்லோருக்கும் ஏறியது. சாதாரணக் காய்ச்சல்காரர்களுக்கு ஏறவில்லை. அதைவிட அதிசயம், முட்டி வலி என்று வந்து, லூப்பஸாக இருக்குமோ என்று நாங்கள் சந்தேகப்பட்டு, ஸ்லைடில் ஒன்றும் கிடைக்காத சிலருக்கும் ஏறியிருந்தது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"சீக்கு வெளிய தெரியறதுக்கு முன்னாலயே இது சொல்லுதப்பா" என்றார். மனுஷர் அன்றைக்கு எங்களுக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

நாங்கள் ஒன்றும் கவனக்குறைவானவர்கள் இல்லை. மில்லில் சங்கு ஊதி ஷிப்டு மாறும்போது கரண்ட் தள்ளாடும், முள்ளும் கூடவே தள்ளாடும். அதைக் கண்டுபிடித்த பிறகு சங்கு ஊதுகிற சமயத்தில் முள்ளைப் பார்க்கவே மாட்டோம். அவ்வளவு உஷார். அந்த உஷார்தான் எங்களைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். திருடன் வருகிற வாசலைப் பூட்டிவிட்டோம் என்று கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினோம்.

கொல்லைக் கதவு எது என்றால், எங்கள் நல்ல மனசு.

நம் ஊர்க்காரர்களுக்கு ரத்தம் கொடுப்பதென்றால் உயிரைக் கேட்ட மாதிரி. அதிலும் லூப்பஸ் பெண்களுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு; நரம்பும் தேடிப்பிடிக்க வேண்டும். ஆகவே டாக்டர் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். எத்தனை சோதனை இருந்தாலும் ஒரே குத்து. எடுத்த ரத்தம் முழுவதும் மணிப் புட்டிக்குப் போகும். குலுக்கி, மெஷினில் சுற்றினால் மேலே தெளிந்து நிற்கிற சீரம் என்சைமுக்கு, நடுவில் நிற்கிற வெள்ளணு ஸ்லைடுக்கு. ஒரு சொட்டு வீணாகாது. "ஒரே குத்துதானுங்க அம்மணி, எறும்பு கடிச்ச மாதர இருக்கும்" என்று நாங்கள் சொல்லும்போது வார்டே நெகிழ்ந்துபோகும். எங்களுக்கும் பெருமையாக இருக்கும். மற்ற காய்ச்சல்காரர்களுக்கு எல்.ஈ. பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் ரத்தம் வெறும் டியூபில், ஆட்டாமல் அசைக்காமல், பேசாமல் உறைந்து நிற்கும்.

புத்திசாலிகளாக இருந்தால் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்களுக்குப் புரியவில்லை.

அப்போதுதான் மயிலாத்தாள் வந்தாள். அன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டு மருமகள். இருபது இருபத்தொரு வயது. கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி, கொதிக்கிற காய்ச்சல், கைவிரல் கிளிமூக்கு மாதிரி வளைந்திருந்தது. பால் குடிக்கிற பெண் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஸ்லைடில் மாமன் வயிறு உப்பி உட்கார்ந்திருந்தான். என்சைம் ஏறியிருந்தது. லூப்பஸ்தான், சந்தேகமில்லை. டாக்டர் கார்ட்டிசோன் வகை மாத்திரை ஆரம்பித்தார்.

மாத்திரை நன்றாக வேலை செய்தது. காய்ச்சல் விட்டது. விரல் மடங்கியது. தலையைத் தானே பின்னிக்கொண்டாள். நர்ஸம்மாவுக்குப் பஞ்சு சுருட்டிக் கொடுத்தாள். நான் ரத்தம் எடுக்கப் போனால் என்னையே கிண்டல் செய்தாள்.

"எறும்பு இன்னிக்குக் கொஞ்சம் பெருசாட்ட இருக்குதுங்."

"எறும்பு வளருதுங்க அம்மணி. உங்க ரத்தம் குடிச்சுத்தான்."

ஆனால் முள் இறங்கவில்லை. வாராவாரம் எடுத்தோம், வாராவாரம் மேலேயே நின்றது. வெளியே தணிந்திருக்கிறது, உள்ளே எரிகிறது என்று டாக்டர் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மாத்திரையைக் கூட்டினார். கூட்டக் கூட்ட அவள் முகம் பணியாரம் மாதிரி உப்பியது. தூக்கம் போயிற்று. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. வண்ணத்துப்பூச்சி மறைந்துவிட்டது, மயிலாத்தாளும் அதனுடன் மறைந்துகொண்டிருந்தாள்.

ஒரு நாள் நான் வார்டுக்குப் போனபோது மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். மயிலாத்தாள் கட்டிலில் இருந்து கையை நீட்டினாள்.

"வா சாமி. அம்மாகிட்ட வா."

குழந்தை அவளைப் பார்த்தது. நன்றாகப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கி, வீரிட்டு அழுது, மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பஸ்சுல வந்த அசதி அம்மணி" என்றார் மாமியார். நல்ல மனுஷி. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அசதியில்லீங் அத்த. அது மேல தப்பில்ல" என்றாள் மயிலாத்தாள். "எனக்கே கண்ணாடியப் பாத்தா, வாங்க, ஆருங்க நீங்கன்னு கேக்கோணுமாட்ட இருக்குதுங்."

நான் சிரிப்பேன் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிற எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அவளிடம் எதையும் மறைக்கமாட்டார்.

"அம்மணி, அடுத்த வாரமும் ரத்தத்துல எறங்கலீன்னா மாத்திரைய இன்னும் கொஞ்சம் எச்சுப் பண்ணி, மெட்ராசுக்கு அனுப்பி ஈரல்ல ஊசி போட்டுத் துணுக்கு எடுத்துப் பாக்கோணுமாட்ட இருக்குது."

"எத்தன நாளாகுமுங்க?"

"சொல்ல முடியாதும்மா."

"உசுரோட இருக்கோணுமுன்னுதானுங்க சொல்றீங்க, எனக்குத் தெரியுதுங்" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் போனா அது அத்தையத்தான் அம்மான்னு கூப்புடுமுங். அதையும் பாத்துட்டு இருக்கோணுமுங்களா?"



அந்த வாரம் ரங்கன் சொந்தக்காரர் கல்யாணம், கோபியில். பஸ்ஸுக்கு முன்னால் சைக்கிளில் போய்ச் சேர்கிறேன் என்று அவனிடம் பந்தயம் கட்டியிருந்தேன். பந்தி முடிந்து, பாத்திரம் கழுவுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வெயிலில் மூக்கும் கன்னமும் வெந்து தோல் உரிந்தது. மறுநாள் லேப்பில் ரங்கன் என்னை வெளிச்சத்துக்கு இழுத்துப் பார்த்தான்.

"டேய், உனக்கும் வண்ணத்துப்பூச்சி வந்துருச்சுடா."

"வந்தா வரட்டும். மயிலாத்தாளுக்குப் பக்கத்துக் கட்டில் காலியா இருக்குது."

"கையக் காட்டு. பாத்தே போடலாம்."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. பெரிய யோசனை எதுவும் கிடையாது. மயிலாத்தாளின் ரத்தம் எடுத்து வைத்திருந்தோம். கூடவே இன்னொரு மணிப் புட்டி. பூச்சியப்பன் என்று ஒரு பேர் எழுதி ஒட்டினேன். வயது, ஆண், எல்லாம் முறைப்படி. வார்டு என்ற இடத்தில் பூந்தோட்டம் என்று எழுதினேன்.

ரங்கன் ஊசியை எடுத்தான். ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊர் பூராவும் குத்துகிறவன் நான், ஆனால் என் கையில் ஊசி வருகிறதென்றால் எனக்குச் சுவரில் உள்ள காலண்டரைப் பார்த்தாக வேண்டும். பார்த்தேன். காலண்டரில் இருந்த சாமி இரண்டாகத் தெரிந்தது வரை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ரங்கன் என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். புட்டி நிரம்பி மேஜைமேல் இருந்தது. என் ரத்தத்தை முதல் தடவையாகப் புட்டியில் பார்த்தேன். நல்ல நிறமாகத்தான் இருந்தது.

இரண்டு புட்டியையும் ஆளுக்கொன்றாக ஆட்டினோம். சுற்றினோம். கலரிமீட்டரில் வைத்தோம். சங்கு ஊதவில்லை, கரண்ட் ஒழுங்காக இருந்தது. மயிலாத்தாளின் முள் வழக்கம்போல் மேலே நின்றது.

பூச்சியப்பனின் முள் அதற்கு இணையாக நின்றது.

ரங்கன் திரும்ப ஒரு தடவை வைத்துப் பார்த்தான். அங்கேயேதான் நின்றது. எனக்கு முதலில் வந்தது பயமில்லை; வேலை போய்விடுமே என்ற எண்ணம்தான். சோதனை மருந்தை விளையாட்டுக்குச் செலவழித்தது தெரிந்தால் டாக்டர் என்ன சொல்வார். பூச்சியப்பன் பேர் எழுதின சீட்டைக் கையில் எடுத்தேன்.

"கிழிச்சுப்போடறேன். ஆருக்குந் தெரியாது."

"வேண்டாண்டா" என்றான் ரங்கன். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. நெற்றியில் வேர்வை. "டாக்டர்கிட்டச் சொல்லீரலாம். இதெல்லாம் வெளையாட்டில்ல. இப்பவே சொல்லீரலாம்."

தினம் என்னை மட்டம் தட்டுகிறவன், எனக்கு ஒன்று என்றால் இப்படிப் பதறுகிறானே என்று நெகிழ்ந்துபோனேன். அதற்கப்புறம்தான் எனக்கே பயம் வந்தது.

டாக்டர் திட்டவில்லை. "எத்தன நாளா இருக்குது?" என்று மூக்கைத் தொட்டுப் பார்த்தார். பெஞ்சில் படுக்கவைத்து ஈரல் பக்கம் அமுக்கினார்.

"வலிக்குதா?"

"கூச்சமா இருக்குதுங்க."

"காலையில சாப்பிட்டயா?"

"ஏழு இட்லிங்க."

"நேத்து ராத்திரி?"

"கல்யாண ஊட்டுல கட்டிக் குடுத்ததுங்க. கணக்குப் பாக்கலீங்க."

டாக்டர் கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்த ரங்கன் மெதுவாகக் கேட்டான்.

"ஏனுங்க டாக்டர், மூக்குல செவப்பே இல்லாமக்கூட இந்தச் சீக்கு வருமுங்களா?"

"இரப்பா" என்றார் டாக்டர். "இவனுக்கு வெயில்ல தோலு உரிஞ்சிருக்குது, அவ்வளவுதான். எந்தப் புட்டியில எடுத்தீங்க?"

"மயிலாத்தாளுக்கு எடுக்கற மாதரயேதானுங்க. மணிப் புட்டி."

காலிப் புட்டி ஒன்று மேஜையில் இருந்தது. டாக்டர் அதை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக ஆட்டினார். மணிகள் கலகலவென்றன. இன்னொரு தடவை ஆட்டினார். அவர் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

சட்டைக் கையைச் சுருட்டினார். "மொதல்ல எனக்கு எடு. அப்பறம் ரங்கன். அப்பறம் நீ, படுத்துட்டே குடு. ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் ரெண்டாப் பிரிங்க. பாதி மணிப் புட்டிக்கு, பாதி வெறும் டியூபுக்கு. டியூப அலுங்காம வெய்யிங்க."

மூன்று பேருடைய மணிப் புட்டி ரத்தமும் மயிலாத்தாளுடையதைப் போலவே முள்ளை ஏற்றியது. மூன்று பேருடைய வெறும் டியூப் ரத்தமும் நல்ல பிள்ளையாகக் கீழே நின்றது. ரங்கன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் மணிப் புட்டியை மேஜைமேல் வைத்தார்.

"நாமளே ஆட்டி ஒடச்சுப்போட்டு, ஐயோ ஒடஞ்சு கெடக்குதேன்னு அந்தப் புள்ளைக்கு மாத்திரை குடுத்துட்டு இருக்கறோம்" என்றார்.

அவ்வளவுதான் விஷயம். சிவப்பணுவுக்குள்ளும் வெள்ளணுவுக்குள்ளும் அந்தச் சரக்கு இருக்கிறது. குலுக்கினால் கொஞ்சம் உடையும். சீரம் கண்ணுக்குத் தெரிகிற அளவு சிவந்துவிட்டால் நாங்களே கொட்டியிருப்போம். அது சிவக்காத அளவுக்குத்தான் உடைந்தது, ஆனால் முள்ளை ஏமாற்றுகிற அளவுக்கு உடைந்தது. லூப்பஸ் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு மட்டும் மணி. ஆகவே அவர்களுக்கு மட்டும் ஏற்றம். ஸ்லைடில் ஒன்றும் இல்லாத முட்டி வலிக்காரர்களுக்கும் ஏறியது சீக்கை முன்கூட்டிச் சொல்லவில்லை. எங்கள் சந்தேகத்தை எங்களுக்கே திருப்பிச் சொன்னது.

இனி மயிலாத்தாளிடம் போக வேண்டும். அவளுக்கு இன்னொரு குத்து. ஒரே குத்து என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர்கள் நாங்கள். நான் போகிறேன் என்றேன். டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தானே போனார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

மாமியார் அன்றைக்கும் வந்திருந்தார். "காலையிலதானுங்க எடுத்தாங்க" என்றார். "ஒரே குத்துன்னு சொல்லுவீங்களேங்க."

"சொன்னமுங்க அம்மா. உங்களுக்கு நோகக் கூடாதுன்னு சொன்னது. அதுலதாந் தப்பாயிருச்சு" என்றார் டாக்டர். "எடுத்த ரத்தத்த நாங்க குலுக்கிக் கெடுத்துட்டு, கெட்டுக் கெடக்குதுன்னு சொல்லிட்டு இருந்திருக்கறோம். தப்பு எங்களுது. இன்னொருக்கா எடுத்து, குலுக்காமப் பாக்கோணும்."

மாமியார் டாக்டரையே நிமிர்ந்து பார்த்தார். ஒரு டாக்டர் தப்பு என்று சொல்லி அவர் கேட்டதில்லை போலிருக்கிறது. மயிலாத்தாள் அதற்குள் கையை நீட்டியிருந்தாள்.

"பத்துக் குத்து வேணும்னாலும் குத்துங்க. ஊட்டுக்கு உடுவீங்களா, அத மட்டுஞ் சொல்லுங்."

"பாத்துட்டுச் சொல்றனம்மா. இந்த வாட்டி முன்கூட்டியே எதையுஞ் சொல்ல மாட்டேன்."

டாக்டரே எடுத்தார். வெறும் டியூப். அதை லேப்புக்கு நான் கொண்டுபோன மாதிரி, நிரம்பின மோர்ச்சட்டியைக்கூட யாரும் கொண்டுபோயிருக்கமாட்டார்கள். ரத்தம் உறைகிற வரை இரண்டு பேரும் அதன் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ரங்கனும் நானும் சேர்ந்து பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

முள் கீழே நின்றது. எங்கள் மூன்று பேருடைய முள் நின்ற இடத்தில் நின்றது.

மெட்ராஸ் கிடையாது, ஈரலில் ஊசி கிடையாது. மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. டாக்டர் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வந்தார். குறைத்தும் காய்ச்சல் திரும்பவில்லை. மயிலாத்தாள் ஊருக்குப் போனாள். லூப்பஸ் அவளை விட்டுப் போய்விடவில்லை, அது போகிற சீக்கு இல்லை. ஆனால் இல்லாத நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினோம்.

டாக்டர் இந்த என்சைம் சமாச்சாரத்தை ஊர் டாக்டர்கள் கூட்டத்தில் படிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார். போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். மணிப் புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய், எல்லோர் காதுக்கும் பக்கத்தில் ஆட்டிக் காட்டினாராம். அவர் படித்ததிலேயே அதுதான் ரொம்ப நேரம் கைதட்டு வாங்கியது என்று கேள்வி.

"அப்ப லூப்பசுக்கும் என்சைமுக்கும் சம்பந்தமே இல்லீங்களா?" என்று அப்புறம் கேட்டேன்.

"இருக்கலாமப்பா. சிலருக்கு ஈரலையோ தசையையோ தொட்டா ஏறும். எங்கியோ ஒடையுதுன்னுதான் அது சொல்லும். லூப்பஸ்னு பேரு சொல்லாது. ஒடச்சது ஆருன்னு நாமதாங் கேக்கோணும். மொதல்ல நம்மளயே கேட்டுக்கோணும்."

அன்றிலிருந்துதான் மணிக்கு ஒன்று, என்சைமுக்கு ஒன்று என்று தனித்தனிப் புட்டி. அன்றிலிருந்துதான் என்சைம் பார்க்கிற நாளெல்லாம் நல்லா இருக்கிற ஒருவன் ரத்தமும் கூடவே, அதே கை, அதே ஊசி, அதே டியூபில். சீக்காளியின் முள் ஏறும்போது, ஏழு இட்லி தின்றவனின் முள்ளும் ஏறுகிறதா என்று பார்க்க. காபி அதற்காகத்தான். உயரமானவனே, உன் ரத்தத்தை நாங்கள் எந்த ஊருக்கும் ஏற்றி விடவில்லை. அது அன்னூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புகிற வேலைக்குப் போகிறது. பேசாமல் கையை நீட்டு. வேண்டுமானால் காலண்டரைப் பார்த்துக்கொள்.

நல்ல மனசோடு ஒரு வேலையைச் செய்யும்போது நாம் அதைச் சரிபார்ப்பதில்லை. அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே பாடம். அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. மூக்கு உரிந்ததால் தெரிந்தது.

பல மாதம் கழித்து மயிலாத்தாள் செக்கப்புக்கு வந்தாள். லேப் வாசலில் நின்று, "எறும்புக்காரர் இருக்கறாருங்களா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் வற்றி, எலும்பு தெரிந்து, கண் பெரிதாக, அவள் முகமாகவே இருந்தது. குழந்தை இடுப்பில். நான் ஊசியும் டியூபுமாகக் கிட்டே போனேன். குழந்தை என்னைப் பார்த்தது. உதட்டைப் பிதுக்கியது. வீரிட்டு அழுது, மயிலாத்தாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

மயிலாத்தாள் சிரித்தாள். நானும் சிரித்தேன். என்னைப் பார்த்து யாராவது அழுததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இதை எழுதி முடித்து, பிழை பார்த்துத் தரும்படி ரங்கனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது கோபியில் ஒரு ஆஸ்பத்திரி லேப்பில் இருக்கிறான். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவன் அல்லவா. ஒரு பிழையும் திருத்தவில்லை. கார்டில் ஒரே வரி எழுதியிருந்தான்:

"எல்லாஞ் சரிதான், ஆனா அந்தப் பூச்சியப்பன் புட்டியில இருந்தது என்னோட ரத்தம்டா, நீ ஊசியப் பாத்ததுமே உழுந்துட்டே."